மலத்தில் இரத்தம்: வெட்கத்தை விடுவோம், விழிப்புக் கொள்வோம்

பால்மரம் சீவும் தொழிலாளிக்குக் கூர்ந்து நோக்கும் கண் உண்டு. பொழுது புலருமுன் நிரைக்குச் செல்லும் அவர், மங்கில் வடியும் பால் வழக்கத்தினும் குறைந்தாலும், கத்தி சற்று ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டாலும், உடனே கண்டுகொள்கின்றார். மரம் வாய் திறந்து பேசுவதில்லை. எனினும் அதன் நோயை அவர் அறிகின்றார். அத்தகைய கண் படைத்தவரே, தம் உடலிலிருந்து இரத்தம் கசிவதை மலசலக்கூடத்தில் காணும்பொழுது, நீரை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுகின்றார். மனைவியிடம் சொல்வதில்லை, மருத்துவ உதவியாளரிடமும் சொல்வதில்லை.

தோட்டங்களில் நாம் சுகாதாரச் சொற்பொழிவு நிகழ்த்தும் சமயங்களில் இதனை நேரிற் கண்டிருக்கின்றோம். கூட்டத்தில் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பலரும் வினவுவர். கூட்டம் கலைந்து நாம் வாகனத்தில் ஏறும் வேளையில்தான் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "ஐயா, ஒரு சங்கதி, வெளிக்குப் போகையில் இரத்தம் போகிறது" என்று தாழ்ந்த குரலில் கூறுவார். எத்தனை நாளாக என்று கேட்டால், "தீபாவளிக்கு முன்பிருந்தே" என்பார். அந்தத் தயக்கத்தை நீக்குவதே இவ்விதழில் நாம் எழுதும் இப்பாடத்தின் நோக்கம்.

மறைத்த நோய் வளரும்

சுங்கை பூலோ என்னும் பெயர் நம் மக்களுக்குப் பழக்கமானது. 1925-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் பரிசோதனைத் தோட்டத்தை இங்குதான் அமைத்திருந்தது. இந்நாட்டுப் பால்மரங்கள் பலவற்றின் குணமும் குறையும் அம்மண்ணில் ஆராயப்பட்டன. இன்று அந்நிலத்தில் குவாசா டமன்சாரா என்னும் புதுநகர் எழுந்துள்ளது. அதே சுங்கை பூலோவில் 1930-ஆம் ஆண்டில் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றும் திறக்கப்பட்டது. அந்நாளில் தொழுநோய் கண்டவர்கள், ஊரார் அறிந்தால் பிரித்துவிடுவரே என அஞ்சி நோயை மறைத்தனர். மறைத்த காலத்தில் நோய் முற்றியது; விரல்களும் பாதங்களும் ஊனமுற்றன. பின்னர் நல்ல மருந்துகள் வந்தன. தொடக்கத்திலேயே காட்டினால் ஊனமின்றிக் குணமாகலாம் என்பது இன்று அந்நோயைப் பற்றி யாவரும் அறிந்த உண்மை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வெட்கத்தால் மறைக்கப்படும் நோய் எதுவாயினும், அது மறைப்பவரையே வருத்தும். மலத்தில் இரத்தம் போதலும் அத்தகையதே. இதற்குரிய காரணங்களுள் பெரும்பாலானவை எளிதில் தீர்பவை. சில மட்டும் உயிரைக் கவர்பவை. எது எளியது, எது கொடியது என்பதை நாமே கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது என்பதே இங்குள்ள இடர்.

குடலின் அமைப்பு

நாம் உண்ணும் உணவு இரைப்பையில் கரைந்து, சிறுகுடலில் சத்து உறிஞ்சப்பட்டு, எஞ்சியது பெருங்குடலுக்குச் செல்கின்றது. பெருங்குடலின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதன் கடைப்பகுதி மலக்குடல், முடிவாயில் ஆசனவாய். இந்நெடும் பாதையில் எவ்விடத்தில் புண்ணோ கட்டியோ தோன்றினாலும், அங்கிருந்து கசியும் இரத்தம் மலத்தோடு வெளிவரக்கூடும்.

இரத்தத்தின் நிறம் அது புறப்பட்ட இடத்தை ஓரளவு காட்டும். ஆசனவாய்க்கு அருகிலிருந்து வருவது பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மலத்தின் மேல் கோடுபோலப் படியும், அல்லது சொட்டுச் சொட்டாக விழும். பெருங்குடலின் உட்பகுதியிலிருந்து வருவது கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்திருக்கும். இரைப்பையிலிருந்தோ சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தோ வரும் இரத்தம் வழியில் செரிமான நீரோடு சேர்ந்து மாறிவிடுவதால், மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றம் வீசும். ஆனால் இவ்விதி எப்போதும் பொருந்துவதன்று. மேலிருந்து பெருமளவில் இரத்தம் பாய்ந்தால் அதுவும் சிவப்பாகவே வெளிவரும்.

சில வேளைகளில் இரத்தமல்லாததும் இரத்தம்போலத் தோன்றும். சிவப்பு டிராகன் பழமும் பீட்ரூட் கிழங்கும் உண்ட மறுநாள் மலம் சிவந்திருக்கலாம். கருவுற்ற தாய்மார்கள் உட்கொள்ளும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கலாம். முந்திய நாள் என்ன உண்டோம் என்பதை நினைவுகூர்வது நன்று. ஐயம் நீங்காவிடில் மருத்துவரைக் கேட்பதே முறை.

பொதுவான காரணங்கள்

முதலாவது, மூலம். ஆசனவாயைச் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் வீங்கிப் புடைப்பதே மூலமாகும். உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இராது. மலம் கழித்தபின் செந்நிற இரத்தம் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்து கட்டினால் கடும் வலி உண்டாகும். மலச்சிக்கலும், முக்கி முக்கிக் கழிப்பதும், நெடுநேரம் மலசலக்கூடத்தில் அமர்ந்திருப்பதும் இதனை வளர்க்கும். கருவுற்ற பெண்களுக்கும் இது வருவதுண்டு.

தோட்ட வாழ்க்கையில் இதற்குரிய சூழல் எளிதில் அமைந்துவிடுகின்றது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் அவசரத்தில், ஒரு குவளைத் தேநீரோடு புறப்பட்டு, வயிறு அழைத்தாலும் அடக்கிக்கொள்கின்றோம். நிரையில் நிற்கும்போது ஒதுங்க இடமில்லை. வியர்வை சொட்ட உழைத்தும் போதிய நீர் அருந்துவதில்லை. பால் நிறுத்து வீடு திரும்பும்போது அழைப்பு அடங்கிவிடுகின்றது, மலம் இறுகிவிடுகின்றது. பெண்களோ, வெளியிடத்தில் ஒதுங்க நேருமே என்று அஞ்சி நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இளைஞர்களோ கைப்பேசியோடு உள்ளே சென்று அரைமணி நேரம் அமர்ந்துவிடுகின்றனர். இவை யாவும் மூலத்திற்கு அழைப்பு விடுப்பனவே.

இரண்டாவது, ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் வெளியேறும்போது தோல் கிழிவதால் இது உண்டாகின்றது. கத்தியால் கீறியது போன்ற வலியும், சிறு கோடாக இரத்தமும் இதன் அடையாளங்கள். வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினால், அது மேலும் இறுகி வெடிப்பு ஆழமாகும்.

மூன்றாவது, சீதபேதி. அடிக்கடி சிறிது சிறிதாக மலம் போதலும், அதில் சளியும் இரத்தமும் கலந்திருத்தலும், வயிற்று முறுக்கலும், காய்ச்சலும் இதன் குறிகள். தூய்மையற்ற நீராலும் உணவாலும் கிருமிகள் புகுவதே காரணம். குழந்தைகளுக்கு இது கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. உடலில் நீர் வற்றாதிருக்க, கிளினிக்கில் தரும் உப்புக்கரைசல் பொடியைக் கலந்து கொடுத்தவாறே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நான்காவது, இரைப்பைப் புண். உடல்வலி தீரக் கடைகளில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். மூட்டுவலிக்கெனச் சந்தையில் விற்கப்படும் சில ஜாமு, மாஜுன் வகைகளில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதாரத் துறையினர் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். பதிவு எண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத மருந்தை வாங்கலாகாது. சம்சு முதலிய மதுவகைகளைத் தொடர்ந்து குடிப்போருக்கு ஈரல் கெட்டு, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடிப்பதுண்டு. இரத்த வாந்தியும் கருமலமும் அதன் குறிகள். இது நொடியில் உயிர் கவரும் நிலை.

ஐந்தாவது, டிங்கிக் காய்ச்சல். காய்ச்சல் கண்டவருக்கு ஈறில் இரத்தம் கசிதல், கருமலம் போதல், கடும் வயிற்றுவலி ஆகியவை தோன்றினால், அவை அபாய அறிகுறிகளாம். டிங்கி என ஐயுறும் காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்ற மாத்திரைகளைத் தவிர்த்து உடனே மருத்துவமனைக்குச் செல்க.

கண்ணுக்குத் தெரியாத இரத்தப் போக்கும் உண்டு. கொக்கிப்புழு சிறுகுடலைக் கவ்வி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் உறிஞ்சும். மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோல் வழியே அது உடலிற் புகும். 1915-ஆம் ஆண்டையொட்டி ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவக் குழுவினர் மலாயாவுக்கு வந்து இப்புழுவை ஆராய்ந்தனர் என்பதிலிருந்தே, அக்காலத் தோட்டங்களில் அதன் கொடுமை எத்தகையது என்று அறியலாம். காலணியும் கழிவறையும் புழு மாத்திரையும் அதனைப் பெரிதும் ஒடுக்கிவிட்டன. ஆயினும் ஒரு பழக்கம் எஞ்சியுள்ளது. யாரேனும் வெளிறிக் களைத்திருந்தால், "பூச்சித் தொல்லை" என்றோ "வயதாகிவிட்டது" என்றோ சொல்லி விட்டுவிடுகின்றோம். அக்களைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடிய மற்றொன்றைப் பற்றி இனிக் கூறுவோம்.

பெருங்குடற் புற்று

இந்நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று பெருங்குடற் புற்றே என்றும், பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம் அதற்கே என்றும், 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கை தெரிவிக்கின்றது. அக்காலத்தில் நோய் கண்டறியப்பட்டவருள் பத்தில் ஏழு பேருக்கு, அது மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டியிருந்தது. மேலை நாடுகளின் கணக்கின்படி, குடலளவில் இருக்கும்போதே கண்டு சிகிச்சை பெற்றவருள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்குமேல் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்கும் பரவியபின் கண்டால், பத்தில் இருவர்கூடத் தேறுவதில்லை. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் காலமே.

இப்புற்று ஒருநாளில் முளைப்பதன்று. குடலின் உட்சுவரில் காளான்போல் ஒரு சிறு சதை வளர்கின்றது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவில் ஆகின்றது. அச்சதையைத் தொடக்கத்திலேயே அகற்றிவிட்டால் புற்றே வாராது. ஐம்பது வயதைக் கடந்தோரும், தாய் தந்தை உடன்பிறந்தோருள் எவருக்கேனும் இந்நோய் வந்தோரும், புகைப்போரும், மது அருந்துவோரும், உடற்பருமன் மிக்கோரும் கூடுதலாகக் கவனம் கொள்ளுதல் வேண்டும். இளையோருக்கும் இது வருவதுண்டு என்பதை மறத்தலாகாது.

இருவர் கதை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரே லயத்தில் அண்டை வீடுகளில் இருவர் வாழ்கின்றனர். இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. இருவருக்கும் ஒரே மாதத்தில் மலத்தில் இரத்தம் காண்கின்றது. முதலாமவர் தயங்கியவாறே கிளினிக்குக்குச் செல்கின்றார். மருத்துவர் பரிசோதித்து, "மூலந்தான், ஆயினும் உங்கள் வயதைக் கருதிக் குடலையும் பார்த்துவிடுவோம்" என்கின்றார். குழாய்ப் பரிசோதனையில் மூலத்தோடு ஒரு சிறு சதையும் காணப்பட்டு, அன்றே அகற்றப்படுகின்றது. அவர் சில நாளில் வேலைக்குத் திரும்புகின்றார்.

இரண்டாமவரோ, "என் தகப்பனாருக்கும் மூலம் இருந்தது, எனக்கும் அதுதான்" என்று முடிவு செய்கின்றார். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் உண்கின்றார். இரத்தம் சில வாரம் நிற்கின்றது, மீண்டும் வருகின்றது. ஓராண்டு கழிகின்றது. மலம் போகும் பழக்கம் மாறுகின்றது, உடல் மெலிகின்றது, காண்டாவில் பால் சுமக்க மூச்சு வாங்குகின்றது. மகள் வற்புறுத்தி அழைத்துச் செல்லும்போது, நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. அவருக்கும் மூலம் இருந்தது உண்மையே. ஆனால் மூலம் இருப்பதனால் வேறு நோய் இராது என்பதில்லை. அவர் கிழங்கு உண்டது பிழையன்று; அது நல்ல உணவே. கிழங்கை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதே பிழை.

எப்போது செல்ல வேண்டும்?

எவ்வயதினராயினும், மலத்தில் இரத்தம் கண்டால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுதல் நலம். கீழ்க்கண்ட குறிகளுள் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால் தாமதம் கூடாது:

1. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், அல்லது இரண்டும் மாறி மாறி வருதல்.
2. மலம் கழித்தபின்னும் முழுதும் போகவில்லை என்ற உணர்வு. மலம் மெலிந்து போதல்.
3. காரணமின்றி உடல் மெலிதல், பசியின்மை.
4. முகம் வெளிறுதல், களைப்பு, சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல்.
5. வயிற்றில் கட்டி தென்படுதல், விடாத வயிற்றுவலி.

இரத்தம் நில்லாது பெருகினாலும், கட்டி கட்டியாகப் போனாலும், தார்போன்ற மலமோ இரத்த வாந்தியோ கண்டாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். 999 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைக்கலாம். சுங்கை பூலோ வட்டாரத்தினருக்கு 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுங்கை பூலோ மருத்துவமனை உள்ளது. மற்ற வட்டாரத்தினர் தமக்கு அண்மையிலுள்ள அரசாங்க மருத்துவமனையை நாடுக.

மருத்துவர் என்ன செய்வார்?

அச்சம் பலரைத் தடுப்பதால் இதனை விளக்குதல் கடமையாகின்றது. முதலில் மருத்துவர் சில கேள்விகள் கேட்பார்: எத்தனை நாளாக, என்ன நிறம், வலி உண்டா, என்னென்ன மருந்து உட்கொள்கின்றீர், குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று உண்டா என்பன போன்றவை. ஒளிக்காமல் விடையளிக்க வேண்டும். பின்னர் கையுறை அணிந்து, விரலால் ஆசனவாயைச் சோதிப்பார். இது ஓரிரு நிமிடத்தில் முடியும். சிறு சங்கடமேயன்றிப் பெரும் வலி இராது. பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, தாதியொருவர் உடனிருக்க வேண்டும் என்றோ தயங்காமல் கேட்கலாம். இரத்தச் சோதனையும் செய்யப்படலாம்.

தேவைப்படின் குழாய்ப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புவார். முதல்நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து தரப்படும். மறுநாள் மயக்க நிலையிலோ அரை மயக்கத்திலோ, நுனியில் கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தி, குடல் முழுவதையும் பார்ப்பர். சதை வளர்ச்சி காணப்பட்டால் அப்பொழுதே அகற்றவும் இயலும். அன்று வீடு திரும்பத் துணையொருவரை அழைத்துச் செல்ல வேண்டும்.

எவ்விதக் குறியும் இல்லாத 50 முதல் 75 வயது வரையிலானோருக்கு, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்யப்படுகின்றது. சிறிதளவு மலத்தைச் சிறு குப்பியில் எடுத்துக் கொடுப்பதே வேண்டுவது. ஆனால் ஒன்றை நன்கு அறிக: கண்ணால் இரத்தத்தைக் கண்டவர் இச்சோதனைக்குக் காத்திருத்தல் வேண்டா, அவர் நேரே மருத்துவரைக் காணவேண்டியவர்.

"ஒருநாள் கூலி போய்விடுமே" என்பார் சிலர். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவர் சான்றிதழ் வழங்கினால் சம்பளத்துடன் மருத்துவ விடுப்புப் பெறத் தொழிலாளிக்கு உரிமையுண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவையுள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள்; இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள்; ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை விடுப்புண்டு. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துள் நிர்வாகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

மூலமோ வெடிப்போ என்று மருத்துவர் உறுதி செய்தபின், வீட்டில் நாமே செய்யத்தக்கவை பல உள. பாத்திரத்தில் பொறுக்கத்தக்க வெந்நீர் நிரப்பி, அதில் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை அமர்ந்தால் வலி தணியும். கங்கோங், முருங்கைக்கீரை, பயறு வகைகள், கொய்யா, பப்பாளி ஆகியவற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி உண்க. நிரைக்குச் செல்லும்போது கொதித்தாறிய நீரைப் போத்தலில் எடுத்துச் செல்க. காலையில் கால்மணி முன்னதாக எழுந்து, வயிறு அழைக்கும்போதே கழிவறைக்குச் செல்லும் வழக்கத்தை உண்டாக்குக. உயர்ந்த இருக்கையுள்ள கழிவறையாயின், பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு பலகை வைத்துக்கொள்க. ஐந்து நிமிடத்திற்குமேல் அமர்ந்திருக்க வேண்டா. கைப்பேசியை வெளியே வைத்துச் செல்க.

மூலத்தை மருந்து தடவி உதிர்ப்பதாக விளம்பரம் செய்வோரிடம் செல்லாதீர். சிலர் தடவும் காரமருந்தால் ஆசனவாய் வெந்து சுருங்கி, மலம் கழிக்கவே இயலாத நிலை உண்டாகும்.

நினைவிற் கொள்க

மலத்தில் இரத்தம் என்பது ஓர் அறிகுறியே, அதுவே நோயன்று. பெரும்பாலும் அது மூலமாகவோ வெடிப்பாகவோ இருக்கும். ஆயினும் பரிசோதனையின்றி அவ்வாறு முடிவு செய்யலாகாது. இரத்தம் தானே நின்றுவிட்டது என்பது நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. வலியில்லை என்பதும் அச்சமில்லை என்பதற்குச் சான்றாகாது.

மனைவியர் கணவரையும், பிள்ளைகள் பெற்றோரையும் இதுபற்றிக் கேட்பது தவறன்று; அன்பின் கடமையே ஆகும். இதனை வாசிக்கத் தெரிந்தவர், வாசிக்க இயலாத பாட்டி தாத்தாவுக்கு இன்றிரவே வாசித்துக் காட்டுவாராக. மரத்தின் காயத்தைத் தண்டலிடம் சொல்லத் தயங்காத நாம், உடலின் காயத்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்குவானேன்?